புதுச்சேரி தனியா இருக்கணுமா? – நான் மேடையில் சொன்னதும் இப்போது நினைப்பதும்



போன பருவத்தில் நம் பள்ளியில் நடந்த பட்டிமன்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். "புதுச்சேரி தனியாக இருக்க வேண்டுமா, தமிழ்நாட்டோடு இணைய வேண்டுமா?" என்பதுதான் தலைப்பு. நான் இணைய வேண்டும் என்ற அணியில் பேசினேன். "ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே சாமி, நடுவில் எதற்கு ஒரு கோடு?" என்று கேட்டேன். நல்லா கைதட்டு வாங்கினேன். ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசும் கிடைத்தது.

இப்போது அதே விஷயத்தில் நான் பேசியது தப்பு என்று எழுதுகிறேன். பரிசைத் திருப்பிக் கேட்காதீங்க, அதில்தான் எங்க அம்மா காபி குடிக்கிறாங்க.

அத்தை வீட்டில் வாங்கிய அடி

எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்தது திருநள்ளாறு பக்கம் ஒரு கிராமத்தில். கும்பகோணம் போய் அங்கிருந்து காரைக்கால் பஸ் ஏறணும். பேரளம் தாண்டி அம்பகரத்தூர் வந்தால் அது புதுச்சேரி. எல்லைன்னு ஒரு வேலிகூட கிடையாது. அதே வயல், அதே வாய்க்கால், அதே கொக்கு. ஆனால் எங்க அத்தை பொண்ணு படிக்கிற புத்தகம் வேற. 2024-25 கல்வியாண்டு முதல் அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. நான் படிப்பது சமச்சீர் கல்வி. ஒரே பாட்டியின் பேத்திகள், ஒரே ஒன்பதாம் வகுப்பு, ரெண்டு பாடத்திட்டம்.

லீவுக்குப் போனப்ப பட்டிமன்றத்தில் ஜெயித்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை. "ஏன்டி, உங்க அரியலூரை மறுபடியும் பெரம்பலூரோட சேர்த்துடலாம்னு நான் எங்க ஸ்கூல் மேடையில பேசிக் கைதட்டு வாங்குனா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

நம்ம கதை

நம்ம ஊர் பெரியவங்களுக்கு இது தெரியும், நமக்குத்தான் மறந்துபோச்சு. ஒரு காலத்தில் இது எல்லாமே திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அடுத்த வருஷமே, 2002-ல், திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பிறகு 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டம். ஏழே வருஷத்தில் பிரித்து, சேர்த்து, பிரித்தாச்சு.

எங்க தாத்தாகிட்ட கேட்டேன். "நேத்து வரைக்கும் அரியலூர் போய்க் குடுத்த மனுவை, மறுநாள் ரெண்டு பஸ் மாறி பெரம்பலூர் கொண்டுபோகணும்னு சொன்னாங்க. சேர்த்தப்பவும் எங்கள யாரும் கேக்கல. பிரிச்சப்பவும் கேக்கல" என்றார். பிரித்தது தாத்தாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் "கேக்கல" என்ற சொல்லை ரெண்டு தடவை சொன்னார். அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை.

புதுச்சேரி கதை

பிரெஞ்சுக்காரர்கள் நமக்குத் தூரத்து ஆட்கள் இல்லை. 1751-ல் நம்ம ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம் நின்று சண்டை போட்டார்கள். கடைசியில் இந்த நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தன.

அந்தக் கோடு சில சமயம் நல்லதும் செய்திருக்கிறது. ஆங்கிலேயர் பிடிக்கப் பார்த்தபோது பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்குத்தான் போனார். 1918 வரை பத்து வருஷம் அங்கே இருந்துதான் எழுதினார். கோடு இல்லாமல் இருந்திருந்தால் அவர் சிறையில் இருந்திருப்பார். அதே கோட்டுக்குள் அநியாயமும் நடந்திருக்கிறது. 1936 ஜூலை 30-ல் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதனால் பிரெஞ்சு ஆட்சி என்றால் எல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை.

1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்தது, அவங்களுக்கு வரவில்லை. 1954 அக்டோபர் 18-ல் கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி முழுசாக இந்தியாவோடு சேர்ந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. 1963-ல் சட்டமன்றத்தோடு கூடிய யூனியன் பிரதேசம் ஆனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சந்திரநாகூரும் பிரெஞ்சு ஊர்தான். அங்கே 1949-ல் மக்கள் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். 1954-ல் அது மேற்கு வங்காளத்தோடேயே இணைந்துவிட்டது. அதனால் "பிரெஞ்சு ஊராக இருந்தது, அதனால் தனி" என்று மட்டும் காரணம் சொல்ல முடியாது. மக்கள் எதை விரும்பினார்கள் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். புதுச்சேரியைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்க்கலாம் என்று 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் காலத்தில் பேச்சு வந்தபோது அங்கே பெரிய போராட்டமே நடந்தது. அவர்கள் விருப்பம் என்ன என்று அப்பவே தெரிந்துவிட்டது.

எதிர் அணி கேட்கும் கேள்விகள்

பட்டிமன்றத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்று: "இத்தனூண்டு ஊருக்கு எதற்குத் தனி அரசு?" பரப்பளவில் சின்னதுதான். நாலு பகுதியும் சேர்ந்தே ஐந்நூறு சதுர கிலோமீட்டர் வராது. ஆனால் 2011 கணக்குப்படி மக்கள்தொகை 12 லட்சத்து 48 ஆயிரம். மிசோரமில் 10 லட்சத்து 97 ஆயிரம், சிக்கிமில் 6 லட்சத்து 10 ஆயிரம் பேர்தான். அவை இரண்டும் முழு மாநிலங்கள்.

இரண்டு: "நம்ம ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 13 லட்சத்து 20 ஆயிரம் பேர். நமக்கு எம்.எல்.ஏ. பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம்னு நாலு பேர். அவங்களுக்கு முப்பது பேர். இது நியாயமா?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகக் கைதட்டு கிடைத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நாம் தமிழ்நாட்டின் 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பங்கு உள்ளவர்கள். அந்தச் சட்டமன்றத்துக்கு ஒரு மாநிலத்தின் அதிகாரம் இருக்கிறது. புதுச்சேரியின் முப்பது பேருக்கு அது இல்லை. அங்கே முக்கியமான விஷயங்கள் டெல்லி நியமிக்கும் துணைநிலை ஆளுநர் வழியாகத்தான் போகணும். ஓட்டு வாங்கி வந்த முப்பது பேரோடு, ஓட்டே வாங்காத மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அது செல்லும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆள் முப்பது இருந்தாலும் அதிகாரம் குறைவு.

மூன்று: "பிரெஞ்சு பேசுறவங்க எத்தனை பேர்?" ரொம்பக் குறைவு. எங்க அத்தை ஊரில் ஒருத்தரும் பேசி நான் கேட்கவில்லை. அங்கேயும் ஆட்சிமொழி என்றால் தமிழ்தான், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஒத்துக்கொள்கிறேன், மொழியைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்க மாமா வேறு ஒரு காரணம் சொன்னார். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று தனியாக 7 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை. "எங்க வயல் கடைமடை. தனியா ஒரு பேரு இருந்ததாலதான் எங்களுக்குன்னு ஒரு கணக்கு எழுதினாங்க. பேரு போச்சுன்னா கணக்கும் போச்சு" என்றார். வயல்காரரின் இந்தக் காரணம் என் பட்டிமன்றக் காரணங்களைவிடக் கனமாக இருந்தது.

வெளியே பார்த்தால்

கனடா நாட்டில் கியூபெக் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பெரும்பாலானவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். தனி நாடாகலாமா என்று 1980-லும் 1995-லும் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றுதான் முடிவு வந்தது. 1995-ல் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2006-ல் கனடா நாடாளுமன்றம், பிரியாத கனடாவுக்குள் கியூபெக் மக்கள் தனித்த ஒரு இனம் என்று தீர்மானம் போட்டது. அதனால் நாடு உடைந்துபோகவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவாவைப் பாருங்கள். 1961 வரை போர்ச்சுக்கீசியர்களிடம் இருந்தது. மகாராஷ்டிரத்தோடு சேரலாமா என்று 1967-ல் மக்களிடம் ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்றார்கள். 1987-ல் தனி மாநிலம் ஆனது. அங்கேயும் கேட்டார்கள், சொன்னார்கள், நடந்தது.

என் மனதை உறுத்தியது

சமூக அறிவியல் ஆசிரியை அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவைப் பற்றிச் சொன்னாங்க. ஒரு மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ மாற்ற வேண்டும் என்றால், நாடாளுமன்றம் சட்டம் போடும் முன்னால் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டாகணும். யூனியன் பிரதேசத்துக்கு அந்த விதி பொருந்தாது. கேட்கவே வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் தாத்தா சொன்ன "கேக்கல" ஞாபகம் வந்தது. நானும் அதைத்தானே செய்தேன்? காரைக்காலில் ஒருத்தரைக்கூடக் கேட்காமல், அவங்க ஊரை எடுத்து எங்க ஊரோடு சேர்த்துவிட்டு டம்ளர் வாங்கி வந்தேன்.

என் முடிவு

புதுச்சேரி தனியாக இருக்கலாம், அதுவும் முழு மாநில அதிகாரத்தோடு இருக்க வேண்டும். அதன் சட்டமன்றமே பலமுறை இந்தத் தீர்மானம் போட்டிருக்கிறது. மாநிலம் ஆனால் இப்போது டெல்லி தரும் பணம் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுவதும் நியாயமான பயம்தான். அதைக் கணக்குப் போட்டு மக்கள் முன்னால் வைக்கட்டும். பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், நான் இல்லை.

ஆனால் புதுச்சேரிக்கும் ஒன்று சொல்லணும். டெல்லி எங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறவர்கள், காரைக்காலையும் மாஹேயையும் ஏனாமையும் கேட்க வேண்டும். முப்பது எம்.எல்.ஏ.க்களில் 23 பேர் புதுச்சேரிப் பகுதிக்கு, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு 1, ஏனாமுக்கு 1. காரைக்காலிலிருந்து தலைநகர் போக நூறு கிலோமீட்டருக்கு மேல். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். "எங்களை யாரும் கேக்கல" என்று அங்கேயும் ஒரு தாத்தா சொல்லிக்கொண்டிருப்பார்.

பெரிய ஊர் சின்ன ஊரைக் கேட்கணும், அந்தச் சின்ன ஊர் தன்னைவிடச் சின்ன ஊரைக் கேட்கணும். நம்ம வகுப்பிலும் அப்படித்தான். லீடர் கேட்காமலே சுற்றுலா தேதியை முடிவு செய்தால் நாம் சும்மா இருக்கிறோமா?

அத்தை பொண்ணுக்கு இந்தத் தாளின் நகலை எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் எழுதியதில் மாறுபட்ட கருத்து இருந்தால், கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன், பேனாவும் நூலில் கட்டியிருக்கிறேன். எழுதுங்கள். பேனாவை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி,
அரியலூர் மாவட்டம் (கேட்காமல் மாற்றிவிடாதீர்கள்!)