கொய்யாவும் மல்லாட்டையும் போதும்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பாடத்தில் 'சலாத் து ஃப்ருய்' என்று வந்தபோது சிரித்தோம். எங்கள் வீடுகளில் சலாத் என்றால் வெங்காயமும் வினிகரும்தான். பின்னாளில் கல்யாணப் பந்திகளில் பழ சாலட் வந்தது: டின் பழம், கஸ்டர்டு, மேலே ஐஸ்கிரீம். எனக்குச் சர்க்கரை நோய் வந்தது அதனால்தான் என்று சொல்ல மாட்டேன். வந்த பிறகும் அதை விடவில்லை என்பதுதான் உண்மை.

பாரீசிலிருந்து மகள் வரும்போதெல்லாம் பாதாம், வால்நட் பொட்டலங்கள் கொண்டுவருவாள். அவை தீர்ந்தால் என் சாலட்டும் நின்றுவிடும். அது என் தவறு. நம் பெரிய மார்க்கெட்டில் கிடைப்பதே போதும். கொய்யாவில் ஆரஞ்சைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. காய்ந்த மல்லாட்டையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம், பாதாமில் 21தான்.

ஒரு கொய்யா, இரண்டு துண்டு பப்பாளி, கொஞ்சம் மாதுளை முத்து, இரவு ஊறவைத்துக் காலையில் வேகவைத்த மல்லாட்டை ஒரு பிடி. எலுமிச்சை பிழிந்து மிளகுத்தூள் தூவினால் ஆயிற்று. சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். பல் இல்லாதவர்கள் கொய்யா விதையை எடுத்துவிட்டு, மல்லாட்டையை மசித்துக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்களுக்குச் சின்னக் கிண்ணம்தான் கணக்கு.

இந்த முறை மகளிடம் சொல்லிவிட்டேன்: "பொட்டலம் எதுவும் வேண்டாம்மா, நீ வந்தால் போதும்."