பெரிய டர்போவா, சின்ன டர்போவா?

ஏற்காடு மலை ஏறும்போது கார் திணறினால் உடனே மெக்கானிக்கைத் திட்டுகிறோம். பாவம், பாதிப் பழி காற்றைச் சேர வேண்டும். சேலத்தில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்து ஏரிக்கரையில் இறங்கினால், நீங்கள் நிற்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். உங்களுக்கு 'ஆஹா, என்ன ஜிலுஜிலு!' என்றிருக்கும். இன்ஜினுக்கோ மூக்கடைப்பு. மெரீனா பக்கம் 85 குதிரை சக்தி கொடுத்த பழைய மாருதி எஸ்டீம், இங்கே 72 கொடுத்தாலே பெரிசு. மீதிக் குதிரைகள் அடிவாரத்தில் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

இந்த மூச்சுத் திணறலுக்கு மருந்துதான் டர்போசார்ஜர். சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற புகையை ஒரு குட்டிச் சக்கரத்தில் மோதவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தைச் சுழலவைத்து, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஆல்ஃபிரட் ப்யூக்கி என்ற ஸ்விஸ் இன்ஜினீயர் 1905-லேயே இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். ஆனால் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு மலை. 1918-ல் சான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கர் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை கொலராடோவில் பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேல். கீழே 350 குதிரை சக்தி தந்த இன்ஜின், உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356!

இதையெல்லாம் சேலத்தில் பாங்க் வேலையில் இருக்கும் என் அக்கா பையனிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அக்கா நினைக்கிறாள். பையனிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்டீம் இருக்கிறது. போன மாசம் போன்.

"மாமா, டர்போ போடலாம்னு இருக்கேன். போடறதே போடறோம், பெருசா போட்டுடலாமா?"

"வீட்ல ஊதாங்குழல் பார்த்திருக்கியாடா?"

"பாட்டி வீட்ல பார்த்திருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

சம்பந்தம் இருக்கிறது. சன்னமான குழலில் லேசாக ஊதினாலே அடுப்பு பற்றிக்கொள்ளும். அதே மூச்சைத் தண்ணீர் பைப் அகலக் குழலில் ஊதிப் பாருங்கள், சாம்பல்கூட அசையாது. பெரிய டர்போவின் சக்கரம் கனமானது, புகை போகிற வாயும் அகலம். இன்ஜின் நாலாயிரம் ஆர்.பி.எம். தொட்டு புகை நிறைய வந்தால்தான் கண் விழிக்கும். ஏற்காடு ரோட்டில் கொண்டை ஊசியை விட்டு எப்படி வெளியே வருகிறீர்கள்? இரண்டாவது கியர், 25 கிலோமீட்டர் வேகம், இரண்டாயிரம் ஆர்.பி.எம். பக்கம். பெரிய டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறீர்கள். அடுத்த வளைவு வந்து பிரேக்கில் கால் வைக்கப்போகும்போது, பந்தி எடுத்த பிறகு வந்து சேரும் தாய்மாமன் மாதிரி அத்தனை குதிரைகளும் ஒன்றாக வந்து நிற்கும். எதிரே பஸ். ரோட்டில் பனி ஈரம். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மலைக்குச் சின்னதுதான். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். 2013-ல் இங்கே வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ-யில் 1.2 லிட்டர் இன்ஜின். முழு இழுவிசையும் 1,500 ஆர்.பி.எம்மிலேயே கிடைக்கும்.

"அப்ப இருக்கறதுலயே குட்டியா ஒண்ணு வாங்கிடறேன்."

அவசரப்படாதே. கணக்குப் போட வேண்டும். (பாங்க்காரனுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டிய காலம்!) 1.3 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நெஞ்சு நிறைய மூச்சு வாங்கும். ஆறாயிரம் ஆர்.பி.எம்மில் நிமிஷத்துக்கு 3,900 லிட்டர். நிஜத்தில் 85 சதவீதம் என்று வைத்தால் 3,300. அதை டர்போ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தள்ளினால், சூட்டுக்குக் கொஞ்சம் கழித்து, 4,800 லிட்டர். எடை போட்டால் ஐந்தரை கிலோ காற்று, கிட்டத்தட்ட 12 பவுண்டு. பவுண்டுக்குப் பத்து குதிரை என்பது டியூனிங்காரர்களின் வாய்ப்பாடு. ஆக 120.

இந்த 12 பவுண்டை வைத்துக்கொண்டு டர்போ கம்பெனி தரும் 'கம்ப்ரஸர் மேப்'பைப் பார்க்க வேண்டும். சர்வே மேப்பில் மலையை வளையம் வளையமாகப் போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். உங்கள் புள்ளி நடு வளையங்களுக்குள் விழ வேண்டும். இடது ஓரம் போனால் காற்று திரும்பி அடிக்கும். வலது ஓரம் போனால் சக்கரம் வெறித்தனமாகச் சுற்றி, காற்றுக்குப் பதில் சூட்டைத்தான் அனுப்பும்.

இங்கேதான் ஏற்காடு ஒரு குசும்பு செய்கிறது. மேலே சுற்றுக் காற்றே 0.85 பார். கீழே கிடைத்த அதே ஒன்றரை பார் மேலேயும் வேண்டுமென்றால், டர்போ ஒன்றரை மடங்கு அழுத்தினால் போதாது, 1.76 மடங்கு அழுத்த வேண்டும். அதாவது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சென்னையில் சரியாக இருந்த பொடி டர்போ, இங்கே வலது ஓரத்துக்குத் தள்ளப்படும். சின்னதுதான், ஆனால் மேப்பில் மேல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும்.

"மாமா, பழைய இரும்புக் கடையில டீசல் கார் டர்போ ஒண்ணு மலிவா இருக்கு..."

தொடாதே! டீசல் புகையைவிட பெட்ரோல் புகைக்குச் சூடு அதிகம். 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்காகச் செய்த சக்கரமும் அதன் மூடியும் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். காற்றும் சும்மா இருக்காது. ஒன்றரை மடங்கு அமுக்கினாலே 30 டிகிரிக் காற்று 85 டிகிரிக்குப் போய்விடும். அதை ஆற்ற இன்டர்கூலர் வேண்டும். கூடவே பெரிய இன்ஜெக்டர், இக்னிஷன் டைமிங். இவற்றில் மிச்சம் பிடித்தால் இன்ஜின் 'டக டக' என்று தட்டும், ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை விழும். டர்போவின் விலை செலவில் ஒரு பகுதிதான். பையன் ஒரு வருஷ போனஸை எடுத்து வைத்திருந்தான். பட்டியல் போட்டதும் முகம் எப்படிப் போயிருக்கும் என்று போனிலேயே தெரிந்தது.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் விவரங்களை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆர்.டி.ஓ-வைக் கேட்காமல் போட்டுவிட்டு ஒன்பதாவது வளைவில் இடித்தால், இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். ரோட்டில் ஓட்டாமல் டிராக்கில் மட்டும் ஓட்டுவதென்றால் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே நீளமான நேர் ரோடு. இன்னும் கொஞ்சம் பெரிய டர்போகூடத் தாங்கும். கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

பையன் இப்போது ஃபாக்டரியிலேயே டர்போ வைத்து வரும் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறான். அப்படிப்பட்ட வண்டியில் ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏரி வந்ததும் சாவியைச் சட்டென்று திருப்பிவிடாதீர்கள். இருபது வளைவு ஏறிய டர்போ தகதகவென்றிருக்கும். இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்று, நிற்கிற ஆயில் அங்கேயே கருகிவிடும். ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் ஓடட்டும். கூட வந்தவரை மிளகாய் பஜ்ஜி வாங்க அனுப்பிவிட்டு நீங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள்.