சட்டம் அனுமதித்தால் ஹலால் ஆகிவிடுமா?

 

மேட்டூரில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், என்னிடம் முன்பு ஓதிய கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், கனடாவில் 2018 முதல் கஞ்சா குற்றமில்லை. 2020இல் ஐ.நா.விலும் இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நாம் மட்டும் ஏன் எதிர்க்க வேண்டும்?"

அதட்டி அனுப்பிவிடத் தக்க கேள்வியன்று இது.

முதலில் செய்தியைச் சரியாக அறிவோம். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து மட்டுமே கஞ்சாவை நீக்கியது. மற்றக் கட்டுப்பாடுகள் அப்படியே உள்ளன. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. 2022 ஜூனில் தடையை விலக்கிய தாய்லாந்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று மீண்டும் கட்டுப்படுத்தியது.

மருந்தாகப் பயன்படுகிறதே என்பர். மதுவிலும் சூதாட்டத்திலும் சில பயன்கள் இருப்பதைத் திருக்குர்ஆன் மறுக்கவில்லை. கேடே பெரிது என்று உணர்த்தியது (2:219). பின்னர் அவற்றை முற்றிலும் தடுத்தது (5:90). போதை தருபவை அனைத்தும் விலக்கப்பட்டவை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ, இந்தப் போதை இலையைப் பற்றியே தனி நூல் எழுதினார். நோயாளிக்கு மருத்துவர் தரும் மருந்து வேறு. நண்பர்களோடு புகைப்பது வேறு. தமிழகத்தில் மதுவை அரசே விற்கிறது. அதனால் அது நமக்கு ஹலால் ஆகிவிட்டதா?

ஆயினும், சட்டத்தைத் தளர்த்தக் கோருவோர் சொல்வதில் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். போதைக்கு அடிமையானவன் நோயாளி. சிறை அவனைத் திருத்தாது என்கின்றனர். நம் சட்டமும் இதை ஓரளவு ஏற்றிருக்கிறது. கஞ்சா புகைத்தால் 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், புகைத்ததற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அச்சட்டத்தின் 64ஏ பிரிவு அவனைத் தண்டனையிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. விற்பவனுக்கு இச்சலுகை இல்லை.

இதை அறியாமல் எத்தனை வீடுகளில் மகனின் பழக்கத்தை மூடி மறைக்கிறோம்! ஜமாஅத்தில் தலைகுனிவு, தங்கையின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம். தந்தை அடிக்கிறார், தாய் அழுதுகொண்டே பணம் கொடுக்கிறார். மறைத்த நாள்களெல்லாம் நோய் முற்றிய நாள்களே.

தாய்மார்களே! செயலை வெறுங்கள்; பிள்ளையை வெறுக்காதீர்கள். காவல் நிலையப் படி ஏறும் முன்பே மருத்துவமனைப் படி ஏறுங்கள். ஜமாஅத் பெரியவர்களே! திருந்த வருபவனுக்குப் பள்ளிவாசலின் முன்வரிசையில் இடம் கொடுங்கள். தவ்பாவின் வாசலை அல்லாஹ் அடைக்காதபோது, நாம் அடைக்கலாமா?

அந்த மாணவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "என் நண்பன் ஒருவனை அழைத்து வரலாமா ஹஜ்ரத்?" என்றார். வரச் சொல்லியிருக்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.