எலிக்கும் ஒரு மானேஜர்

'ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்குப்பா' என்று இப்போது எல்.கே.ஜி. படிக்கிற வாண்டு கூடச் சொல்கிறது. இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் மூத்தவர்கள் எலிகள்தான். 1936-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற டாக்டர், எலிகளைக் குளிரில் வைத்தார், ஓட ஓட விரட்டினார், கண்ட மருந்தையும் ஏற்றினார். கொடுமை எதுவானாலும் உள்ளே விளைவு ஒன்றுதான்: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண். இதற்குத்தான் பிற்பாடு 'ஸ்ட்ரெஸ்' என்று பேர் வைத்தார்.

எனக்குப் பிடித்தது லண்டன் எலிகள். எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்றால் உயிர். 1987-ல் பால் வில்னர் குழுவினர் பெரிய சித்ரவதை எதுவும் பண்ணவில்லை. கூண்டைக் கொஞ்சம் சாய்த்து வைப்பது, படுக்கையை ஈரமாக்குவது, ராத்திரி முழுக்க விளக்கு, முன்பின் தெரியாத எலியைக் கூட்டாளியாக விடுவது... வாரக்கணக்கில் இப்படிச் சில்லறைத் தொந்தரவுகள். அவ்வளவுதான். சர்க்கரைத் தண்ணீர் மேல் இருந்த அந்த ஆசை போய்விட்டது! மனச்சோர்வுக்கு மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையைச் சில வாரம் கொடுத்த பிறகுதான் ருசி திரும்பியது. புதுப்பட டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'போய்த்தான் ஆகணுமா?' என்று கேட்கும் நண்பர் உங்களுக்கும் இருப்பாரே, அவரைத் திட்டாதீர்கள்.

அடுத்தது ஞாபகம். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி. புது விஷயங்களைப் பதிந்துவைக்கிற குமாஸ்தா. அட்ரீனல் அனுப்பும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று 1968-ல் கண்டுபிடித்தவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்வன். 1992-ல் அவர் குழு, எலிகளைத் தினம் 6 மணி நேரம், 21 நாள் அசையவிடாமல் அடைத்துவைத்தது. (ஏறக்குறைய நம் சீட்தான்.) ஹிப்போகாம்பஸ் நரம்பு செல்களின் கிளைகள் கவாத்து பண்ணின செடி போலக் குறுகிவிட்டன. 1994-ல், இப்படி அடைபட்ட எலிகளை எட்டுச் சந்துள்ள புதிர்ப்பாதையில் விட்டபோது தடுமாறின. தீனியைத் தின்று முடித்த சந்துக்கே மறுபடி போய் நின்றன. ஆனால் ஓய்வு கொடுத்தபின் சோதித்த எலிகளிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை.

'அப்புறமென்ன சார், நாலு நாள் லீவு போட்டா சரியாயிடும்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே சுமந்த்ரா சட்டர்ஜி குழு 2002-ல் எலிகளை அதே போல அடைத்துவைத்து, பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதியையும் சேர்த்துப் பார்த்தது. ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறுக, அமிக்டலாவில் தளதளவென்று வளர்ந்திருந்தன. 2004-ல் வந்தது இன்னொரு சேதி. 21 நாள் ஓய்வுக்குப் பின் ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு வந்தது, அமிக்டலா வரவில்லை. பதற்றமும் போகவில்லை. அதாவது ஞாபகம் திரும்பிவிட்டது, பயம் மட்டும் காலி பண்ண மறுத்துவிட்டது.

எலி வேறு, நாம் வேறு என்பது வாஸ்தவம். எலிக்கு இ.எம்.ஐ. கிடையாது. இருந்தாலும் இன்னும் ஓர் எலிக் கதை பாக்கி. 1972-ல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் ஜே வெய்ஸ் எழுதியது. இரண்டு எலிகளுக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவு ஷாக். ஒன்றின் முன்னால் ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் இரண்டுக்குமே ஷாக் நிற்கும். மற்றதால் எதுவும் செய்யமுடியாது. பட்ட ஷாக் சமம்தான். ஆனால் சக்கரம் கிடைத்த எலிக்கு வயிற்றுப்புண் ரொம்பக் குறைவு. ஷாக்குக்கு முன்னால் 'பீப்' என்று எச்சரிக்கை கேட்ட எலிகளுக்கும் அப்படியே.

ஆகவே ஆளைத் தின்பது வேலை மட்டுமில்லை. எப்போது விழும் என்று தெரியாததும், தெரிந்தாலும் ஒன்றும் பண்ணமுடியாததும் சேர்ந்துதான்.

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் இன்னும் பத்து வருஷத்தில் மானேஜர் ஆகப்போகிறீர்கள். சம்பளம் ஏற்றுவது உங்கள் கையில் இருக்காது. சக்கரமும் பீப்பும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதை அந்தப் பையனே தீர்மானிக்கட்டும்.


செலவு ஒரு பைசா கிடையாது.