வலோன்கார் யார் என்பதன்று கேள்வி

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையின் ஐந்தாம் நூல் 2011-இல் வெளிவந்தது. ஆறாம் நூலுக்கான காத்திருப்பின் நீண்ட வெற்றிடத்தை நிரப்பியவை ரசிகர்களின் ஊகங்கள். யார் உண்மையில் யாருடைய மகன், எந்தத் தீர்க்கதரிசனம் எவரைக் குறிக்கிறது, எந்த மந்திரத்துக்கு எத்தனை உயிர் விலை என்று இவ்வூகங்கள் கிளைத்துக்கொண்டே செல்கின்றன. அவற்றுள் பல, கடும் உழைப்பும் வியக்கத்தக்க நினைவாற்றலும் கொண்டவை. ஒரு நூலை ஐந்து முறை படித்தவரை, ஒரு முறையும் படிக்காதவர் கேலி செய்வதில் பொருளில்லை. எனவே 'வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு' என்ற வழக்கமான ஏளனத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

குற்றச்சாட்டு வேறு. இவ்வூகங்களில் பெரும்பாலானவை ஒரு சொல்லை, அதைச் சொன்னவரிடமிருந்தும் சொல்லப்பட்ட சூழலிலிருந்தும் பிடுங்கியெடுத்து, பூட்டைத் திறக்கும் சாவியாக்குகின்றன. அப்படிப் படிப்பவர்கள் எவ்வாறு தாமும் அழிந்து பிறரையும் அழிக்கிறார்கள் என்பதைத்தான் அந்த நாவல்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. நூலின் மையமான எச்சரிக்கையை, அந்நூலை மிக அதிகமாக நேசிப்பவர்களே கேளாமற்போவதுதான் இதிலுள்ள துயரம்.

'வலோன்கார்' என்ற ஒற்றைச் சொல் இதற்குப் போதிய சான்று. 2005-இல் வெளியான நான்காம் நூலில், அரசி செர்சி சிறுமியாக இருந்தபோது மாகி என்னும் குறிகாரியிடம் கேட்ட ஆரூடம் வெளிப்படுகிறது. செர்சியின் மூன்று பிள்ளைகளும் அவளுக்கு முன்னே மாள்வர். பின்பு 'வலோன்கார்' அவள் கழுத்தில் கை வைத்து உயிரை முடிப்பான். அது உயர் வலிரிய மொழிச் சொல் என்றும், ஆங்கிலத்தில் 'லிட்டில் பிரதர்' என்று பொருள்படும் என்றும் ஒரு பெண் துறவி அவளுக்கு விளக்குகிறாள். அன்று முதல் செர்சிக்குத் தன் தம்பி டிரியனே எமன். அவளுடைய வெறுப்புக்கு ஒரு நூலாதாரம் கிடைத்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இவ்விடம் ஆங்கில வாசகரைவிடத் தெளிவாகத் திறக்கும். ஆங்கிலத்தின் 'பிரதர்' அண்ணனா தம்பியா என்று சொல்வதில்லை. 'லிட்டில்' என்ற அடைமொழி வந்துதான் சொல்ல வேண்டும். அந்த அடைமொழிக்கு இளையவன், சிறிய உடலன் என இரு பொருள். டிரியன் குள்ள உருவினன். ஆகவே செர்சியின் காதில் 'லிட்டில்' என்பது வயதோடு நில்லாமல் உருவத்தையும் சுட்டிவிடுகிறது. 'தம்பி' என்று தமிழில் பெயர்த்தால் இந்த மயக்கம் மறைகிறது. வேறொரு கேள்வி எழுகிறது: அவளுக்கு எத்தனை தம்பியர்? இரட்டையராகப் பிறந்தாலும் மூத்தது எது, இளையது எது என்று கேட்டு உறவுப்பெயர் சூட்டும் மொழி இது. செர்சியின் இரட்டையனான ஜேமி அவளுக்குப் பின்னால், அவள் காலைப் பற்றியபடி பிறந்தவன். அவனும் தம்பியே. வெறுப்பு ஒரு தம்பியைக் காட்டியது; அன்பு இன்னொரு தம்பியை மறைத்தது. இவ்வளவும் நாவலுக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றைக் காண எந்த ரகசிய அகராதியும் தேவையில்லை.

ஆனால் ஊகக்காரர்கள் இங்கே நிற்கவில்லை. அதே நூலில், நூறு வயது கடந்த, பார்வையிழந்த அறிஞர் ஏமன் கடற்பயணத்தில் இறந்துகொண்டிருக்கிறார். தம் குலத்துப் பெண்ணான டெனேரிஸ் டிராகன்களோடு உயிர்த்திருக்கும் செய்தி கேட்டு, 'வாக்களிக்கப்பட்ட இளவரசன்' என்ற பழைய தீர்க்கதரிசனத்தை அவர் மறுபடி எண்ணிப் பார்க்கிறார். டிராகன்களுக்கு ஆண் பெண் என்ற நிலைத்த பால் இல்லை. மொழிபெயர்ப்பில் பிழை நுழைந்தது. ஒரு பெண்ணை எவரும் தேடவே இல்லை என்று புலம்புகிறார். இதைப் பற்றிக்கொண்டு எழுந்த வாதம் இது: 'இளவரசன்' பால் காட்டாத சொல்லானால், 'வலோன்கார்' என்பதும் பால் காட்டாத சொல்லே, ஆகவே செர்சியைக் கொல்லப்போவது ஒரு தங்கையாகவும் இருக்கலாம், ஆர்யாவாக இருக்கலாம், டெனேரிஸாகவும் இருக்கலாம். மொழியியலின் பெயரால் முன்வைக்கப்படும் இவ்வாதத்தில் மொழியியல் சிறிதும் இல்லை.

முதற்பிழை, ஒரு சொல்லின் இயல்பை மொழி முழுவதற்கும் ஏற்றுவது. தமிழில் 'மருத்துவர்' ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அதைக் காட்டி, 'தம்பி' என்பதும் பெண்ணைக் குறிக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் பள்ளி மாணவரும் சிரிப்பார். ஒரே மொழியில் சில சொற்கள் பால் காட்டும், சில காட்டா.

இரண்டாம் பிழை, இலக்கணப் பாலையும் உடற்பாலையும் ஒன்றாகக் குழப்புவது. இந்தியில் 'கிதாப்' பெண்பால், 'கர்' ஆண்பால். புத்தகத்துக்குப் பெண்மையோ வீட்டுக்கு ஆண்மையோ இதனால் வந்துவிடுவதில்லை. சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிகின்றன. அவ்வகுப்புகளில் ஆண் பெண் வேறுபாட்டுக்கே இடமில்லை. ஆனாலும் அம்மொழியில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இலக்கணம் பால் பிரிக்காத மொழியிலும் உறவுப்பெயர்கள் பால் பிரிக்கும்.

மூன்றாம் பிழை, எந்த வலிரிய மொழி என்று கேளாமலிருப்பது. மார்ட்டின் கதைக்குத் தேவைப்பட்டபோது சில சொற்களைப் புனைந்துகொண்டவர். டோல்கினைப் போல மொழிகளை இலக்கணத்தோடு வளர்த்தெடுத்தவரல்லர். முழு உயர் வலிரியத்தைத் தொலைக்காட்சித் தொடருக்காக உருவாக்கியவர் மொழியியலாளர் டேவிட் ஜே. பீட்டர்சன். அவர் அமைத்த மொழியில் நிலவு, சூரியன், நிலம், நீர் என்று பெயர் பெற்ற நான்கு சொல்வகுப்புகள் உள்ளன. இளவரசனையும் இளவரசியையும் 'தாரிலாரோஸ்' என்ற ஒரே சொல் குறிக்கும். 2017-இல் வெளியான ஏழாம் பருவத்தில் மிஸ்ஸாண்டே தரும் புகழ்பெற்ற விளக்கத்தின் பின்னணி இதுவே. ஆனால் அதே பீட்டர்சன் மொழியில் அண்ணனுக்கு 'லேகியா', தம்பிக்கு 'வலோன்கார்', அக்காளுக்கு 'மாண்டியா', தங்கைக்கு 'ஹாயெதார்' என்று, தமிழைப் போலவே, நான்கு தனிச்சொற்கள் இருக்கின்றன. பீட்டர்சனைச் சாட்சிக்கு அழைத்தால் ஊகம் அங்கேயே முடிகிறது. அவரை அழைக்காமல் நாவலுக்குள் மட்டும் நின்றால், ஊகத்துக்கு ஆதாரமாகும் இலக்கணமே அங்கு இல்லை. வேண்டிய இடத்தில் தொடரையும் வேண்டாத இடத்தில் நாவலையும் எடுத்துக்கொள்வது ஆய்வாகாது.

இலக்கணப் பிழை திருத்தக்கூடியது. அதற்கு அடியில் கிடக்கும் படிப்புப் பிழைதான் பெரிது. ஏமன் சுட்டும் தவறு இலக்கணத்தோடு முடிவதில்லை. சொல் இருவரையும் குறிக்க இடம் தந்திருந்தும், மொழிபெயர்த்தவர்கள் ஏன் ஆணை மட்டும் கண்டார்கள்? மகளைத் தாண்டி மகனுக்கு முடிசூட்டிப் பழகிய நாட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள். தந்தை வாரிசாக அறிவித்த ரெய்னிராவுக்கு எதிராக அவள் தம்பிக்கு முடிசூட்டி, நாட்டையே எரித்த போர் அந்த உலகத்தின் வரலாற்றில் உண்டு. அந்த நாட்டின் அறிஞர்கள் ஒரு தீர்க்கதரிசனத்தைத் திறந்தபோது தம் முகத்தையே அதில் கண்டார்கள். ஏமனின் புலம்பல் அறிவின் குருட்டுத்தன்மையைப் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் யார் கொல்வார்?' என்று மட்டும் வினவுவது, ஒருவர் மரணப்படுக்கையில் சொன்ன சொல்லைக் குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பாக்குவது.

ஏமனும் விதிவிலக்கல்லர். டெனேரிஸ் அவர் இரத்தம். சாகுமுன் தம் குலம் மீள வேண்டுமென்ற ஆசை அவர் வாசிப்பிலும் கலந்திருக்கிறது. ரேகார் முதலில் தன்னையே அந்த இளவரசன் என்று நம்பினான். பிறகு தன் மகன் என்று நம்பினான். மெலிசாண்ட்ரே ஸ்டானிஸ் என்று நம்பி, அந்நம்பிக்கைக்காக மனிதரை எரித்தாள். ஐந்தாம் நூலில் அவள் தீயில் ஸ்டானிஸைத் தேடும்போதெல்லாம் தெரிவது பனி. ஜான் ஸ்னோவின் பெயரே பனி என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்கு உறைப்பதில்லை. செர்சியோ, ஆரூடத்துக்கு அஞ்சி அஞ்சியே அதை நோக்கி நடக்கிறாள். இந்த வரிசையில் தீர்க்கதரிசனத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஆசையையும் அச்சத்தையும் படிக்கிறார்கள். விலையைப் பிறர் கொடுக்கிறார்கள்.

மந்திரம் பற்றிய ஊகங்களில் இந்தக் கேளாமை இன்னும் கொடியதாகிறது. உயிருக்கு விலை உயிர் மட்டுமே என்ற கருத்தை முதல் நூலில் மிர்ரி மாஸ் தூர் சொல்கிறாள். ரசிகர்கள் அதை இயற்பியல் விதியைப் போல எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்: குதிரையின் உயிர் எதற்கு ஈடு, பிறக்காத குழந்தையின் உயிர் எதற்கு ஈடு, மூன்று முட்டைகளுக்கு எந்த மூன்று மரணங்கள். யார் அந்த மிர்ரி? ட்ரோகோவின் படை சூறையாடிய ஊரின் கோயிற்பெண். அவள் கோயில் எரிந்தது. மக்கள் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக ஓட்டிச்செல்லப்பட்டார்கள். படைவீரர்கள் அவளை வன்புணர்ந்தார்கள். அதன் பின்பு டெனேரிஸ் அவளைக் 'காப்பாற்றினாள்'. அப்படிப்பட்ட ஒருத்தி, தன் மக்களை அழித்தவனின் மனைவியிடம், பழிவாங்கும் நேரத்தில் பேசும் பேச்சு அது. அவள் பாடம் நடத்தவில்லை. உண்மை சொல்கிறாளா, பொய் சொல்கிறாளா, பாதி உண்மையால் ஏமாற்றுகிறாளா என்பது தெரியாமலிருப்பதே அக்காட்சியின் அச்சம். ஒரு வாக்கியத்தின் பொருள், அதைச் சொன்னவர், கேட்டவர், சொல்லப்பட்ட நேரம் ஆகியவற்றோடு சேர்ந்தே பிறக்கிறது என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். கணக்குப் போடுபவர்கள் வாக்கியத்தை வைத்துக்கொண்டு பெண்ணை எறிந்துவிடுகிறார்கள். ட்ரோகோவின் படை அவளுக்குச் செய்ததும் ஏறத்தாழ அதுவே: பயன்படுவதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தீயில் இட்டார்கள்.

மந்திரத்துக்கு விதி தேடுவதே தவறென்பதன்று இதன் பொருள். பிராண்டன் சாண்டர்சன் போன்றோர் விதிகளைத் தெளிவாக வகுத்தே எழுதுகிறார்கள். மந்திரத்தைக் கொண்டு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால் வாசகர் அம்மந்திரத்தைப் புரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கு விதி தேடுவது முறையான வாசிப்பு. மார்ட்டினின் உலகம் அத்தகையதன்று. டெனேரிஸ் தீயில் வேகாமல் எழுந்தது ஒரே ஒருமுறை நிகழ்ந்த அற்புதம், அவள் குலத்துக்குத் தீ எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லை என்று அவரே விளக்கியிருக்கிறார். அதன் பின்னும் அந்தச் சக்திக்கு வம்சாவளிப் பட்டியல் போடுவது, நூலாசிரியரையும் நூலையும் ஒருசேர மறுப்பதாகும்.

'ஜான் ஸ்னோவின் பிறப்பு ரகசியத்தை ஊகித்தவர்கள் ரசிகர்கள்தாமே? அது சரியாயிற்றே?' என்ற மறுமொழி வரும். ஆயிற்று. தொடரை எடுக்க வந்த இருவரிடம் மார்ட்டின் கேட்ட புகழ்பெற்ற கேள்வியும் ஜானின் தாய் யார் என்பதே. ஆனால் அந்த ஊகம் வென்றது எதனால்? எட்டார்ட் ஸ்டார்க் என்ற மனிதரைக் கவனித்ததால். பொய் சொல்லத் தெரியாத ஒருவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனைவியிடமும் மௌனம் காப்பதையும், இறந்த தங்கைக்குத் தந்த வாக்கு அவரைக் கனவிலும் துரத்துவதையும் வாசகர்கள் கேட்டார்கள். ஹோடோரின் பெயருக்கு 2016-இல் கிடைத்த விளக்கமும் அத்தகையதே: ஆங்கிலச் சொற்சிதைவு அங்கே வெறும் ஓடு; உள்ளே இருப்பது வேறொருவருக்காக வாழ்க்கை பறிக்கப்பட்ட ஒரு சிறுவன். மனிதரைக் கேட்டுப் பிறந்த ஊகத்தின் வெற்றியைக் காட்டி, மனிதரை விலக்கிய நூறு ஊகங்கள் தமக்கு மதிப்புத் தேடிக்கொள்கின்றன.

கற்பனைக் கதையோடு இது நின்றுவிட்டால் இத்தனை கடுமை வேண்டியதில்லை. ஒலி ஒத்திருந்தால் போதும், உறவு உண்டு என்று சாதிக்கும் இதே பழக்கம், இந்நாட்டில் உண்மையான மொழிகள் மீதும் ஏவப்படுகிறது. காசு என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று சென்றது மெய். ஆனால் அது கீழைநாட்டுச் சிறு நாணயங்களைக் குறித்த 'கேஷ்'. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. ஒலி ஒன்று, வரலாறு இரண்டு. வரலாற்றைக் கேளாமல் ஒலியை மட்டும் கேட்பவர்கள், ஒரு வேர்ச்சொல்லைக் காட்டி எவர் மண்ணின் மக்கள், எவர் வந்தேறிகள் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். பழம்பாடலின் ஓர் அடைமொழியில் விமானத்தைக் கண்டெடுக்கிறார்கள். அவர்கள் வாசிப்புக்கும் விலையைப் பிறரே கொடுக்கிறார்கள்.

ஊகம் நிற்க வேண்டியதில்லை. அதன் முதற்கேள்வி மாற வேண்டும். வலோன்கார் யார் என்று கேட்குமுன், அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி ஒரு பெண் தன் தம்பியைப் பகைவனாக்கிக்கொண்டது எப்படி என்று கேட்கலாம். மூன்று முட்டைகளுக்கான கணக்கை முடிக்குமுன், மிர்ரி மாஸ் தூர் அந்த ஊருக்கு யாராக இருந்தாள் என்று கேட்கலாம். இவற்றுக்கான விடைகள் ஆறாம் நூலுக்காகக் காத்திருக்கவில்லை. 1996 முதல் 2011 வரை வெளியான ஐந்து நூல்களிலேயே அவை அச்சாகியிருக்கின்றன.