மெக்கர் நன்றாகக் காட்டினால் போதுமா?

6.6 கிலோவோல்ட் மோட்டாரை மெக்கர் வைத்துப் பார்த்து, "ஆயிரம் மெகாஓம், இன்சுலேஷன் ஜோர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது பாதி வைத்தியம்தான்.

மெக்கரும், 10 நிமிட அளவை 1 நிமிட அளவால் வகுத்து வரும் பி.ஐ.யும் ஈரத்தையும் அழுக்கையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். (நம்ம லேபிலும் இதோடு சரி!) ஆனால் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து எபாக்ஸி பிடி விட்டுப்போய், மைக்கா அடுக்குகளுக்கு நடுவே காற்றறைகள் உண்டாகுமே, அது? நல்ல மைக்கா கொஞ்சம் குறுக்கே இருந்தாலே டி.சி. கசியாது, மெக்கர் ஏமாந்துவிடும். ஏ.சி. அழுத்தத்தில்தான் அந்த அறைகளுக்குள் பொறி பறக்கும். அதுதான் பார்ஷியல் டிஸ்சார்ஜ். வோல்டேஜை ஏற்ற ஏற்ற டான் டெல்டா எகிறுவதும் இதே கதைதான்.

மைக்கா கெட்டிக்காரப் பொருள், அந்தப் பொறியை வருடக்கணக்கில் தாங்கும். அதனால் ஒரே ஒரு அளவைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. அதே லோடு, அதே சூட்டில் போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு? ஆறு மாதத்தில் இரட்டிப்பானால் மெஷினை நிறுத்தி ஸ்லாட் வெட்ஜ் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்ஜை இறுக்குவது சின்ன வேலை. வைண்டிங் வெடித்தபின் ரீவைண்டிங் என்றால் வாரக்கணக்கில் ஆலை படுத்துவிடும். பழைய ரீடிங் எழுதிய நோட்டு உங்கள் கையில் இருக்கிறதா?