ஜெபக்குறிப்பில் ஏறும் குற்றப்பத்திரிகை

பிறரைத் தூஷிக்கலாகாது என்னும் போதனையைக் கேளாத கிறிஸ்தவர் எவரும் இலர். ஆயினும் நேரில் சொல்லத் துணியாத பழியொன்று, 'அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளாக வீட்டு ஜெபக்கூட்டத்தில் புறப்பட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைவதற்குள் ஊர் முழுதும் பரவிவிடுவதையும், வீட்டாரை மீறி மணம் புரிந்த பெண்ணோ கடனில் மூழ்கிய குடும்பத் தலைவனோ ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்வதையும் நாம் கண்டு வருகிறோம். பகிரங்க நிந்தனைக்காவது மறுமொழி கூறலாம். பரிவின் பெயரால், பிரதிவாதி இல்லாத இடத்தில் வழங்கப்படும் தீர்ப்புக்கு மறுமொழி கூற வழியேயில்லை. ஆகவே இதுவே அதனினும் கொடிது என்பேன்.

ஆதித் திருச்சபையும் இந்நோய்க்குத் தப்பவில்லை. கி.பி. 49-ஐ ஒட்டிக் கிலவுதியு இராயன் யூதரை ரோமாபுரியினின்று வெளியேற்றினான். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதிகள் அவ்வாறு வெளியேறியவர்களே. 54-இல் அவன் மாண்டபின் திரும்பிய யூத விசுவாசிகள், தாம் இல்லாத காலத்தில் புறஜாதியாரின் வழக்கங்கள் சபையில் வேரூன்றியிருக்கக் கண்டனர் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ 57-இல் கொரிந்துவிலிருந்து பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாலாம் அதிகாரத்தைப் படிப்போருக்கு அந்தப் பூசல் கண்முன் தோன்றும். மரக்கறி மட்டுமே உண்டவர்கள், எல்லாவற்றையும் உண்டவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்தார்கள். இவர்களோ அவர்களை அற்பமாக எண்ணினார்கள். பவுலின் சொந்த அபிப்பிராயம் எல்லாவற்றையும் உண்போர் பட்சத்திலேயே இருந்தது. அதை அவர் ஒளிக்கவுமில்லை. எனினும், மற்றொரு எஜமானுடைய ஊழியக்காரனை விசாரிக்க உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டதோடு, சகோதரன் இடறுவானாயின் மாமிசத்தையே விட்டுவிடுவது நலம் என்று தம் பட்சத்தாரிடமே தியாகத்தைக் கோரினார். நியாயம் தம் பக்கம் இருப்பதாக நம்பும் ஒருவர், அந்த நியாயத்தைப் பிறன் தலைமேல் தூக்கி எறியாமல் இருப்பதே இதில் அருமையானது.

நம் நாட்டில் அந்த மாமிசத்தின் ஸ்தானத்தை நகை பிடித்துக்கொண்டிருக்கிறது. பெந்தெகொஸ்தே சபையார் பலர் பொன் அணிவதில்லை. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் அணிகின்றனர். கழற்றியவர் அணிந்தவரை உலகப்பிரகாரமானவர் என்கிறார். அணிந்தவர் கழற்றியவரைப் பைத்தியக்காரர் என்கிறார்.

இவ்வாறு பிறரைத் தீர்க்க மறுத்தவர் ஒருவரை இங்கே நினைவுகூரலாம். எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில், முன்னாளில் கொள்ளைக்காரனாயிருந்து துறவியான மோசே என்பவர் வாழ்ந்தார். தவறிழைத்த சகோதரன் ஒருவனை விசாரிக்கக் கூடிய சபைக்கு வர மறுத்த அவர், வற்புறுத்தி அழைக்கப்பட்டபோது ஒழுகும் பாத்திரமொன்றைச் சுமந்துகொண்டு போனாராம். என் பாவங்கள் என் கண்ணுக்குப் படாமல் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்க, நான் பிறனுக்குத் தீர்ப்பளிக்க வருகிறேன் என்று அவர் சொல்ல, கூடியிருந்தோர் அச்சகோதரனை மன்னித்தார்கள். தம் பூர்வ ஜீவியத்தை மறவாத ஒருவரிடமிருந்தே இத்தகைய சொல் பிறக்கும்.

ஆயின் இவ்வுபதேசத்தை, சபைப் பணத்தைக் கையாடுவோரும், சிறுவர்க்குத் தீங்கிழைப்போரும், கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்புவோரும் தமக்குக் கேடயமாக்கிக்கொள்வதை நான் ஒருகாலும் ஒப்பேன். அவை நீதிமன்றத்துக்கும் போகவேண்டிய குற்றங்கள். பாதிக்கப்பட்டவர் பேசும்போது 'நியாயந்தீர்க்காதே' என்று வாயடைப்பது இரண்டாம் அநீதி. தனிமனிதர் பிணக்குக்கோ, இயேசு காட்டிய ஒழுங்கு மத்தேயு பதினெட்டில் தெளிவாக உள்ளது: முதலில் குற்றஞ்செய்த சகோதரனிடம் தனியே பேசு, பின்னர் இரண்டொருவரை அழைத்துக்கொள், கடைசியிலேயே சபைக்குச் சொல். நம் ஜெபக்கூட்டங்கள் கடைசிப் படியில் தொடங்கி, முதற்படிக்கு வருவதேயில்லை.

எனவே, எவர் பெயரையும் அவர் சம்மதமின்றி ஜெபக்குறிப்பாக அறிவிப்பதில்லை என்று ஒவ்வொரு சபையும் ஒரு நியதி செய்துகொள்ள வேண்டும். போதகர்களும் மூப்பர்களும் அதை முதலில் கைக்கொண்டு, வருவதை நிறுத்திக்கொண்டவர்களின் வீடுகளுக்குச் சென்று, காரணம் எதுவும் விசாரியாமல், மறுபடியும் வரும்படி அழைக்கட்டும்.